மூன்றாவது எட்வின்

அக்டோபர் 6, ஞாயிறு

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தான். பகலில் எழுத உட்கார்ந்தால் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். உங்கள் கப்பலில் இப்போது பகலா ராத்திரியா என்றும் தெரியவில்லை. தினம் கொஞ்சம் எழுதி வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மெயிலாக அனுப்புகிறேன். நெட் கிடைக்கும்போது படித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை நன்றாக இருக்கிறான். பால் குடிக்கிறான். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் மாமா ஞானஸ்நானத் தேதியைச் சொன்னார்கள். 27ஆம் தேதி ஞாயிறு, இரண்டாம் ஆராதனையில். நீங்கள் இறங்க ஜனவரி ஆகுமே என்றேன். "கப்பல்காரன் வீட்டுல எல்லாமே அவன் இல்லாமத்தான் நடக்கும். கல்யாணத்துக்கு வந்தானே, அதச் சொல்லு" என்றார்கள் அத்தை.

என்ன பெயர் என்று யாரும் பேசவில்லை. இந்த வீட்டில் மூத்த பேரனுக்கு என்ன பெயர் என்று பேச வேண்டியதில்லை போல.

மாமா எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். "நீ எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சவல்லா. விட்டேக்கர்ங்கிற பேரு எங்கேருந்து வந்துச்சு, என்ன பாரம்பரியம்னு அரைப் பக்கம் எழுதிக் குடு. ஞானஸ்நானக் கார்டுக்குப் பின்னால போடணும்." சரி என்றேன்.

துணி இரண்டு பக்கெட் ஊறுகிறது. காலையில் துவைக்க வேண்டும்.

அக்டோபர் 7, திங்கள்

பிள்ளை தூங்கும்போது நெட்டில் தேடினேன். விட்டேக்கர் என்பது இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கத்து இடப் பெயராம். பழைய ஆங்கிலத்தில் வெள்ளை வயல் என்று அர்த்தம் என்கிறார்கள் சிலர். இல்லை, கோதுமை வயல் என்கிறார்கள் வேறு சிலர். அந்த வயல் பக்கம் குடியிருந்தவனை அடையாளம் சொல்ல வயலின் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். சில நூறு வருஷத்துக்கு முன்னால் வரிக் கணக்கு எழுத வந்தவர்கள் அதையே எழுதிக்கொண்டு போக, அப்பனுக்கு இருந்தது மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்ட வயல்கள் பல ஊரில் இருந்ததால் எல்லா விட்டேக்கரும் ஒரே குடும்பமும் இல்லையாம்.

எழுதியதை மாமாவிடம் படித்துக் காட்டினேன்.

"வயலா? பிரபு, கோட்டை, அப்படி ஒண்ணும் இல்லியா?"

"விவசாயிங்கதான் போல மாமா."

உள்ளே போய், ஆன்லைனில் வாங்கின காபி கப்பைக் கொண்டுவந்தார்கள். சிங்கம் போட்ட கேடயம், கீழே சுருள் எழுத்தில் விட்டேக்கர். "அப்ப இது என்னதாம்?"

"எந்தப் பேரு கேட்டாலும் அச்சடிச்சுக் குடுப்பாங்க மாமா."

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "எங்க அப்பா பேரு பொன்னையா. பொன்னையான்னு கேட்டாலும் சிங்கம் போட்டுக் குடுப்பானா?"

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. ஆற்றுப் பாலம் கட்ட வந்த விட்டேக்கர் துரை, இன்ஜினியர், நம்ம ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்ட கதையை எழுதச் சொன்னார்கள். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் வீட்டில் சொன்ன கதைதான். அன்றைக்கு எங்கள் அம்மா மாமாவின் கையைப் பார்த்தாள், உங்கள் கையைப் பார்த்தாள். அத்தை இன்றைக்குச் சொன்னார்கள்: "துரை போகும்போது நெறத்தையும் பெட்டியில வச்சுக் கொண்டுபோயிட்டாரு."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 9, புதன்

இன்று ஒன்றரை மாத ஊசி. சுகாதார நிலையத்தில் நல்ல கூட்டம். அத்தைக்கு முட்டு வலி, அதனால் நான் மட்டும் ஆட்டோவில் போனேன்.

நர்ஸ் அட்டையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "எட்வின் விட்டேக்கர்" என்றார். நான் எழுந்து போய்ப் பிள்ளையை நீட்டினேன். என் பின்னாலேயே ஒரு பெண் இன்னொரு பிள்ளையோடு வந்து, "எக்கா, அது எங்க பிள்ள" என்றாள்.

நர்ஸ் என் அட்டையை வாங்கிப் பார்த்தார். "உங்க அட்டையில பேரே இல்லையேம்மா. கெசியா குழந்தைன்னுதான போட்டிருக்கு. பேரு வச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"பின்ன ஏன் வந்தீங்க? பிறந்த தேதி சொல்லுங்க."

"மார்ச் பதினொண்ணு."

"மார்ச்சா? ஏழு மாசப் பிள்ளையா இது?"

ஆகஸ்ட் என்று திருத்திச் சொன்னேன். தூக்கம் போதாததால் வந்த குழப்பம். வேறொன்றும் இல்லை. நர்ஸ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார்.

அந்தப் பெயரைச் சத்தமாகக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது அத்தான். அத்தை சொல்ல மாட்டார்கள், புருஷன் பெயர். நான் சொல்லக் கூடாது, மாமனார் பெயர். மாமா தன் பெயரைத் தானே ஏன் சொல்லப் போகிறார்கள். மூத்தவனுக்கு ஐசியூவில் குருவானவர் தண்ணீரைத் தொட்டு ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் இன்றைக்கு இந்த நர்ஸ்.

அந்தப் பெண் பெயர் எப்சிபா. வீட்டுக்காரருக்கு சாத்தான்குளத்தில் செல்போன் கடையாம். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் இருக்கச் சொன்னார்கள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்களும் விட்டேக்கரா! எந்த ஊரு, யாரு வீடு?" என்று ஆரம்பித்தாள். நாலு கேள்வியில் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது, நாங்கள் சொந்தம் இல்லை. அவள் ஆட்களும் நம் ஆட்களும் இன்றுவரை பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை.

"உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க, இந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு?" என்றேன்.

"எங்க மாமியார் சொல்லுவாங்க, அது சோத்துக்கு வந்த பேருன்னு. உங்க வீட்டுல?"

"பாலம் கட்ட வந்த இன்ஜினியர்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் பிள்ளை முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா" என்றாள். நம்பர் வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 10, வியாழன்

காய்ச்சல் லேசாக. மருந்து கொடுத்தேன். மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், மூச்சு சரியாக வருகிறது. பால் பாத்திரம் ஒன்று கருகிவிட்டது, அத்தையே தேய்த்து வைத்தார்கள்.

அக்டோபர் 12, சனி

மாமாவிடம் சொன்னேன், அவர்கள் பெயரிலேயே இன்னொரு பிள்ளை இருக்கிறான் என்று.

பேப்பரை மடித்தார்கள். "எந்த ஊர்க்காரங்க?" சொன்னேன். "யாரு ஆளுங்க?" அதையும் சொன்னேன். "நம்ம பேரப் பாத்து வச்சிருப்பாங்க. நல்ல பேரா இருந்தா நாலு பேரு எடுக்கத்தான் செய்வான்" என்றார்கள்.

"முழுப் பேரும் அதேதானே மாமா. அவங்க பூட்டனுக்கும் அதே பேருதானாம்."

மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைகூட ரொம்பப் பேச்சு வச்சுக்காத" என்றார்கள்.

மாலையில் பிள்ளையைக் குளிப்பாட்ட அத்தை கூப்பிட்டார்கள். நீங்களே ஊற்றிவிடுங்கள் அத்தை, எனக்குக் கை வலிக்கிறது என்றேன். தினமும் அவர்கள்தான் ஊற்றுகிறார்கள்.

அக்டோபர் 15, செவ்வாய்

உங்கள் மெயில் வந்தது. பிள்ளை போட்டோ கேட்டிருக்கிறீர்கள், எடுத்து அனுப்புகிறேன். மோட்டார் ரிப்பேர் பார்த்தாச்சு. இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. ஞானஸ்நானத் தேதி பற்றி மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பெயர் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பரவாயில்லை, டூட்டி நேரத்தில் எழுதியிருப்பீர்கள்.

அம்மா நாகர்கோவிலிலிருந்து போன் செய்தாள். வந்து பத்து நாள் இருக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். முதல் பிரசவம் அங்கே பார்த்ததால்தான் இந்தத் தடவை இங்கேயே என்று மாமா சொல்லிவிட்டார்கள், அவளுக்கும் அது தெரியும். போனை வைக்கும்போது, "பிள்ளைய என்ன சொல்லிக் கூப்பிடுதே?" என்று கேட்டாள். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

நான் அவனை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

கார்டு அச்சுக்குப் போய்விட்டது. பின்பக்கத்தில் பாலமும் துரையும்தான். வயலைக் கடைசி வரியில் சேர்த்திருக்கிறார்கள். முன்பக்கத்தில் பேரனின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மாமா என்னிடம் பிழை பார்க்கச் சொன்னார்கள். பிழை ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று எப்சிபா வந்துவிட்டாள். இந்தப் பக்கம் ஒரு கல்யாணமாம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். கையில் சீனி மிட்டாய் பொட்டலம்.

அத்தை காபி போட்டார்கள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே பாயில் போட்டோம். அவள் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான். "எட்வின், எட்வின், இங்க பாரு" என்று அவள் கொஞ்சும்போதெல்லாம் அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "என்ன அத்தை?" என்றாள் அவள். "ஒண்ணுமில்லம்மா. எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்ட மாதிரி இருக்கு."

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து விசாரித்தார்கள். "உங்க பூட்டனுக்கு இந்தப் பேர யாரும்மா வச்சது?"

"மிஷன் ஆளுங்கதான் மாமா. தாது வருஷப் பஞ்சத்துல கிருபாபுரத்து அநாதைப் பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டாங்களாம். சீமையில யாரோ ஒரு அம்மா வருஷாவருஷம் ஒரு பிள்ளைக்குச் சோத்துக்குப் பணம் கட்டினாங்க, அவங்க சொன்ன பேர வச்சாங்க. மழை பெஞ்சதும் தாய்மாமன் வந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. பேர மட்டும் பூட்டன் விடல. ஸ்டைலா இருக்குன்னு வச்சிக்கிட்டாரோ என்னவோ!"

"அப்ப அந்தப் பணம்?" என்றேன் நான்.

"அதுக்கென்ன, இன்னொரு பிள்ளைக்கு அதே பேர வச்சிருப்பாங்க. எட்வின் ஓடிட்டான்னு சீமைக்கு எழுதுவாங்களா? எழுதினா பணம் நின்னுருமே. ஓடினாலும் செத்தாலும் அடுத்த பிள்ளை எட்வின்." சிரித்தாள். "எங்க பக்கத்துல ஒரே பேருல மூணு குடும்பம்லாம் உண்டுக்கா."

நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை கண்ணை மூடியிருந்தான். குனிந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

மாமா எழுந்தார்கள். "எங்களுது இன்ஜினியர் குடும்பம்மா. அது வேற விட்டேக்கர்" என்றார்கள். உள்ளே போனவர்கள், அவள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

மழை. துணி காயவில்லை. மாமா காலையில் சாப்பிடவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மத்தியானம் அத்தை படுத்திருந்தபோது மாமா வந்து என் எதிரே உட்கார்ந்தார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிய வேண்டும்.

"அந்தப் பிள்ளை சொன்னது நெசம். பாலமும் இல்ல, துரையும் இல்ல. எங்கப்பா வேலைக்குச் சேரும்போது கட்டிவிட்ட கதை அது."

உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டேன்.

"முதல் எட்வின் தாய்மாமன்கூடப் போயிட்டான். ரெண்டாவதா ஒருத்தனுக்கு அந்தப் பேர வச்சாங்க, அவன் காலராவுல செத்துட்டான். அவன் பாய் காலியாச்சு. வாசல்ல பிள்ளைங்க வரிசையா நின்னுச்சாம். எங்க தாத்தாவக் கைய புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி, அந்தப் பாயக் குடுத்து, எட்வின்னு கூப்பிட்டாங்க. அவருக்கு ஆறு வயசு இருக்கும். அவருதான் மூணாவது."

"அவரோட சொந்தப் பேரு என்ன மாமா?"

"யாருக்குத் தெரியும். எங்கப்பா கேட்டிருக்காரு. எட்வின்தான்னு சொல்லிருவாராம்."

அப்புறம் மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "வரிசையில நின்ன மத்த பிள்ளைங்கள்ல பாதிப் பேரு அந்த வருஷம் தாண்டல. இவரு தாண்டினாரு. எதனால? அந்தப் பேரு இவருகிட்ட வந்ததால. அதுக்குத்தான் சொல்லுதேன், பேர விடக் கூடாது. பெருமைக்கு இல்ல."

"எனக்குப் புரியுது மாமா."

"சீமையில பணம் கட்டினாளே, அந்தம்மா. அவளுக்கு ஒரே மகன். எட்வின் விட்டேக்கர்னு பேரு, சின்னதுலயே போயிட்டான். அவன் பேருலதான் கட்டினா. அவளும் உன்ன மாதிரி பறிகுடுத்தவதான். அவ மனசத் தேத்திக்கிட்டு அந்தப் பேர இன்னொரு பிள்ளைக்குக் குடுக்கலன்னா, நான் இல்ல, எம் மகன் ரெஜி இல்ல, இந்தா கெடக்கானே, இவனும் இல்ல."

பிள்ளை தொட்டிலில் முனகினான். ஆட்டிவிட்டேன்.

"அந்தம்மா அவளாக் குடுத்தா மாமா" என்றேன். "என்கிட்ட யாரும் கேக்கல."

நான் சத்தமாகச் சொல்லவில்லை. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

அப்புறம் நானே கேட்டேன். "கல்லறைத் தோட்டத்துல அவனுக்கு ஏன் இன்னும் கல் வைக்கல மாமா? ஒன்றரை வருஷம் ஆச்சு. சிலுவைக் குச்சிதான் நிக்குது, பேரு இல்ல."

மாமா தொட்டிலைப் பார்த்தார்கள். "கல்லுல வெட்டிட்டா, நாளைக்கு அடுத்தவன் வளந்து அங்க வருவான். தன் பேரத் தானே கல்லுல படிப்பான். அதான் பொறுத்திருக்கலாம்னு" என்றார்கள்.

அப்படியானால் அவனைப் புதைத்த அன்றைக்கே பெயரைத் திரும்ப எடுத்தாகிவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா அத்தான்?

மாமா எழுந்து போகும்போது, "நான் மாத்த மாட்டேன். ரெஜி தன் வாயால வேண்டாம்னு சொன்னா, குருவானவர்கிட்ட நானே போயிச் சொல்லுதேன். கார்டு போனாப் போகுது" என்றார்கள். அவர்கள் கோபமாக இல்லை. எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

அக்டோபர் 23, புதன்

இதுவரை எழுதியதை எல்லாம் இப்போது அனுப்பப் போகிறேன். திரும்பப் படித்துப் பார்க்கவில்லை.

இன்று காலையில் நானே பிள்ளையைக் குளிப்பாட்டினேன். அத்தை பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து, கழுத்தைப் பிடி, காதில் தண்ணி போகாம பாரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கால் நீட்டி அதில் அவனைக் கிடத்தினபோதுதான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். இடது தோளில் ஒரு மச்சம் இருக்கிறது. மற்றவனுக்கு இல்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இல்லை. இவன் வேறு பிள்ளை அத்தான்.

துடைக்கும்போது அத்தை கேட்டார்கள், "நான் வாயால சொல்லுத மாதிரி ஒரு பேராத்தான் வையேன்." அவ்வளவுதான் சொன்னார்கள். துண்டைப் பிழிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

நான் தூங்குவதாக எழுதினேன். தூங்கவில்லை. நன்றாக இருப்பதாகவும் எழுதினேன். நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன், பிள்ளைக்கு இல்லை, எனக்கு. அம்மாவையும் வரச் சொல்லிவிட்டேன். மாமா சரி என்றார்கள்.

விட்டேக்கர் இருக்கட்டும். அந்தச் சோற்றை நான் மறுக்கவில்லை. மாமாவின் தாத்தா அந்தப் பெயரைச் சுமந்து வந்ததால்தான் இவன் என் மடியில் கிடக்கிறான். ஆனால் எட்வின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறான். நான் பெற்று, பெயர் வைத்து, புதைத்த பிள்ளை. எட்வின், எட்வின் என்று இன்றைக்கு இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மாமனார் பெயர் என்று தோன்றவில்லை. அவன் பெயர் அவன் கல்லில் இருக்க வேண்டும்.

இவனுக்கு யாரும் இதுவரை வைத்துக்கொள்ளாத ஒரு பெயர் வேண்டும். நான் யோசித்தேன், எதுவும் வரவில்லை. நீங்கள் ஒன்று சொல்லுங்கள். இதோடு அனுப்புகிற போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒன்றரை வருஷத்தில் அவனைப் பற்றி நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போதும் எழுத முடியாவிட்டால் பரவாயில்லை. மாமாவுக்கு "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை போடுங்கள், எனக்கு ஒரு பெயர் போடுங்கள். குருவானவருக்கு சனிக்கிழமை மாலைக்குள் பெயர் சொல்லியாக வேண்டும். அதற்குள் பதில் போடுங்கள் அத்தான்.

கெசியா